அண்ணத்துக்குள் சிக்கிய 23: சிபிசிடி எந்த அளவில் கேட்பது, வேரை எப்படிப் படிப்பது?

குழித்துறை_ஆர்த்தோ

எல்லாருக்கும் வணக்கம். 13 வயசுப் பெண் பிள்ளை. மேல் இடது கோரைப்பல் (23) முளைக்கல. பால் கோரைப்பல் (63) ஆட்டமே இல்லாம நிக்குது. வெளிப்பக்க ஈறைத் தடவிப் பார்த்தா மேடு தட்டுப்படல. ஓபிஜியில (தாடை முழுக்கத் தெரியுற எக்ஸ்ரே) 23-ஓட முனை லேட்டரல் (22, பக்க வெட்டுப்பல்) வேர் மேல படிஞ்சு, அந்த வேரோட நடுவைத் தாண்டி நிக்குது. முக நடுக்கோட்டுக்குச் சாய்வு 38°. வலது 13 ஒழுங்கா இறங்கியாச்சு. கீழ் முன்பற்கள்ல 5 மி.மீ. நெருக்கடியும் இருக்கு.

சிபிசிடி (கூம்புக் கதிர் 3டி ஸ்கேன்) எடுக்கலாம்னு நினைக்கிறேன். எங்க ஊர்ல இருந்து நாகர்கோவில் போனாலும் ஆச்சு, திருவனந்தபுரம் போனாலும் ஆச்சு. ஆனா "சிபிசிடி மேக்ஸில்லா"ன்னு மட்டும் எழுதி அனுப்பினா, சில சமயம் முகம் முழுசையும் எடுத்து, பளபளன்னு நாலு 3டி படத்தை பிரிண்ட் போட்டுக் கொடுத்து விட்டுடறாங்க. அதுல அளக்க ஒண்ணுமில்ல.

எந்த எஃப்ஓவி (ஸ்கேன் பிடிக்கிற பரப்பு), எந்த வாக்ஸல் (படத்தோட மிகச் சின்னக் கனத்துண்டு) கேக்கணும்? கைக்கு வந்ததும் எந்த வரிசையில படிக்கணும்? வாய் ஸ்கேனோட வேரைச் சேர்த்து செட்டப் (கணினியில பற்களை நகர்த்திப் பார்க்கிற மாடல்) பண்ணினா இந்த கேஸுக்கு ஏதாவது பயன் உண்டா? பிள்ளையோட அப்பா மணவாளக்குறிச்சிப் பக்கம். கடற்கரை மணல்ல மோனசைட், தோரியம்னு கேட்டே வளர்ந்த ஊர்க்காரர். கதிர்வீச்சு எவ்வளவுன்னு எண்ணாச் சொல்லுங்கன்னு நிக்கிறார்.

நாஞ்சில்_ரேடியாலஜி

டாக்டர், கோரிக்கைச் சீட்டுல நீங்க எழுதுறதுதான் படமா வரும். "மேக்ஸில்லா"ன்னு எழுதினா டெக்னீஷியன் கைக்குப் பழகின பெரிய ஃபீல்டை எடுத்துடுவார். பல் எண், கேள்வி, எஃப்ஓவி, வாக்ஸல், எந்த வடிவத்துல வேணும்னு அஞ்சையும் எழுதுங்க.

உங்க கேஸுக்கு 5×5 செ.மீ. போதும். நடுப்பல்லுல இருந்து முதல் கடைவாய்ப்பல் வரைக்கும், மேலே மூக்குத் தளமும் சைனஸ் தளமும் கொஞ்சம் தெரியுற மாதிரி மையம் வைக்கச் சொல்லுங்க. கோரைப்பல்லோட வேர்நுனி எப்பவும் நாம நினைக்கிறதை விட மேல இருக்கும். மையத்தைக் கீழே வெச்சா நுனி வெட்டுப்பட்டு, மறுபடி எடுக்க வேண்டி வரும். ரெண்டு பக்கமும் சிக்கியிருந்தாதான் 8×5 அல்லது 10×5.

வாக்ஸல் 0.2 மி.மீ. இருந்தா இடம், திசை, பக்கத்து வேரோட தொடுகை எல்லாம் தெரியும். 22 வேர் அரிச்சிருக்கான்னு நுணுக்கமாப் பார்க்கணும்னா 0.125 முதல் 0.15. அதுக்குக் கீழே போகாதீங்க. சிறிய வாக்ஸலுக்கு இரைச்சல் கூடும், அதை அடக்க டோஸை ஏத்துவாங்க, ஸ்கேன் நேரமும் நீளும். நேரம் நீண்டா பிள்ளை அசையும். 0.1-ல அசைஞ்ச படத்தை விட 0.2-ல அசையாத படம் எவ்வளவோ மேல். இன்னொண்ணு: 0.2 வாக்ஸல்னா 0.2 மி.மீ. பொருள் தெரியும்னு அர்த்தமில்ல. நடைமுறையில பிரிச்சுக் காட்டும் திறன் வாக்ஸலோட ரெண்டு மூணு மடங்குதான்.

அப்பாவுக்குச் சொல்ல எண்: மெஷினைப் பொறுத்து ரொம்ப மாறும். குழந்தை உருவ மாதிரிகள்ல அளந்த சராசரி, சிறிய ஃபீல்டுக்கு 100 மைக்ரோசீவர்ட் வாக்குல இருக்கு. ஓபிஜி பொதுவா 10-ல இருந்து 25. உலக சராசரி இயற்கைக் கதிர்வீச்சு வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது நாளுக்கு 6 முதல் 7 மைக்ரோசீவர்ட். அப்போ இந்த ஸ்கேன் சுமார் 15 நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். "ஒண்ணுமே இல்லீங்க"ன்னு சொல்லி அனுப்பிடாதீங்க. சின்ன வயசுத் திசுவுக்கு ஆபத்து பெரியவங்களை விடக் கூடுதல், அதனாலதான் ஃபீல்டைச் சுருக்குறோம்னு சொன்னா அவருக்கும் புரியும். சென்டருக்கு ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) உரிமம் இருக்கான்னு கேக்க அவருக்கு உரிமை உண்டு, அதையும் சொல்லுங்க. தைராய்டு காலர் போடுறதா இருந்தா பீமுக்குள்ள வராம தாழ்த்திக் கட்டணும். ஈயம் ஓரமா உள்ளே வந்தாலே படம் முழுக்க கோடு விழும்.

எடுக்கிற அன்னைக்கு மூக்குத்தி, கம்மல், ஹேர்கிளிப் எல்லாம் வீட்டிலேயே கழட்டிட்டு வரச் சொல்லுங்க. மேல்தாடை ஸ்கேனுக்கு மூக்குத்தி சரியா பீம் நடுவுலதான் உட்காரும். புதுசாக் குத்தினது கழட்ட வராதுன்னா ஸ்கேனை ரெண்டு வாரம் தள்ளிப் போடுறது நல்லது. ஸ்கேன் 10, 15 விநாடி ஓடும். அதுல எச்சில் முழுங்கினாலே தாடை அசையும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல, 'அசையாதே'ங்கிறதுக்கு மலையாளத்துல "அனங்கருது"ன்னு சொன்னா குமரிப் பிள்ளைக்குப் புரியும், தென்காசிப் பிள்ளை முழிக்கும். சீட்டிலேயே "முழுங்காதே, அசையாதே என்று முதலில் ஒரு தடவை சும்மா ஓட்டிக் காட்டவும்" என்று எழுதிடுங்க. படத்துல எலும்பு ஓரம் இரட்டைக் கோடாத் தெரிஞ்சா பிள்ளை அசைஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்தப் படத்துல வேர் அரிப்பைப் பத்தி தீர்ப்பு எழுதக் கூடாது.

கடைசியா, "டைகாம் கோப்பு முழுவதும், எல்லா ஆக்ஸியல் ஸ்லைஸுடன், பென்டிரைவில்" என்று எழுதுங்க. டைகாம்னா ஸ்கேனோட மூலக் கோப்பு. வியூவர் (பார்க்க மட்டும் உதவுற மென்பொருள்) மட்டும் போட்ட சிடி வந்தா வேற மென்பொருள்ல திறக்காது. அறிக்கையும் கேளுங்க. ஃபீல்டுக்குள்ள விழுந்த சைனஸ், மூக்கு எல்லாத்தையும் யாராவது ஒருத்தர் படிச்சாகணும். கோரைப்பல்லை மட்டும் பார்த்துட்டு மூடி வைக்கிற படம் இல்ல அது.

களியக்காவிளை_பல்

ஒரு மாற்றுக் குரல். ஸ்கேனுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி கையில இருக்கிற ஓபிஜியையே இன்னொரு தடவை பாருங்க. சிக்கின கோரைப்பல் வலது 13-ஐ விட அகலமாத் தெரியுதா? அண்ணப்பக்கம் இருக்கிற பல் ஃபிலிம்ல இருந்து தள்ளி நிக்கிறதால பெரிசா விழும். அடுத்து ஒரு முன் ஆக்லூஸல் (கடிதளத்துல ஃபிலிம் வெச்சு எடுக்கிற எக்ஸ்ரே) எடுங்க. ஓபிஜியில பீம் கீழேயிருந்து சுமார் 8° மேல் நோக்கி வருது, ஆக்லூஸல்ல 60°-65° மேலேயிருந்து இறங்குது. அதாவது டியூப் மேலே போயிருக்கு. கோரைப்பல்லோட முனையும் 22 வேரை ஒட்டி மேலே நகர்ந்தாத் தெரிஞ்சா அண்ணப்பக்கம். கீழே இறங்கினா வெளிப்பக்கம். ரெண்டு ஐஓபிஏ-வை (வாய்க்குள்ள வெச்சு எடுக்கிற சின்ன எக்ஸ்ரே) 20° பக்கவாட்டுல மாத்தி எடுத்தாலும் இதே கணக்குதான், டியூப் கூடவே போனா உள்பக்கம்.

ஐரோப்பிய செடன்டெக்ஸ்சிடி வழிகாட்டி (2012), அமெரிக்க வாய்க் கதிரியக்க அகாடமியோட 2013 அறிக்கை ரெண்டும் சொல்றது ஒண்ணுதான்: சாதாரணப் படம் பதில் தராத கேள்விக்குத்தான் சிபிசிடி. வழக்கமா எல்லாக் கம்பி கேஸுக்கும், செஃப் (தலையோட பக்கவாட்டு எக்ஸ்ரே) உருவாக்கிக்கலாம்னும் எடுக்கக் கூடாது.

இந்த கேஸ்ல எடுக்கலாம்னுதான் நானும் சொல்வேன். முனை 22-ஓட நடுவைத் தாண்டியாச்சு, பக்கத்து வேர் அரிப்பை ஓபிஜி மறைச்சிடும். எரிக்சனும் குரோலும் 2000-ல சிடி வெச்சுப் பார்த்த ஆய்வுல, இடம் மாறி முளைச்ச கோரைப்பல் பக்கத்துல லேட்டரல்கள்ல 38 சதவீதமும் நடுப்பற்கள்ல 9 சதவீதமும் அரிச்சிருந்தது. தடவிப் பார்த்தாலே மேடு தெரியுற, வெளிப்பக்கக் கோரைப்பல்லுக்கு இதே சீட்டை எழுதாதீங்க, அவ்வளவுதான்.

63-ஐப் பிடுங்கிட்டுக் காத்திருக்கலாமேன்னு யாராவது கேப்பாங்க. அதே ரெண்டு பேரும் 1988-ல 10 முதல் 13 வயசுப் பிள்ளைகள்ல செஞ்சப்போ 78 சதவீதம் தானா சரியாச்சு. முனை லேட்டரலோட நடுவுக்கு வெளியே இருந்தப்போ 91, நடுவைத் தாண்டினப்போ 64. இந்தப் பிள்ளை 13-ல நிக்குது, சாய்வும் 38°. வெறும் பிடுங்கலை நம்பி ஒரு வருஷம் ஓட்டுறதுக்கு நான் துணிய மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை_ஆர்த்தோ

படிக்கிற வரிசையைப் பத்தி யாரும் இன்னும் பேசலையே, அதைச் சொல்றேன்.

3டி ரெண்டரைத் திறந்து சுத்திச் சுத்திப் பார்க்கிற பழக்கத்தை முதல்ல விடணும். அது ஒரு சாம்பல் அளவை வரம்பா வெச்சு அதுக்கு மேல இருக்கிறதை மட்டும் வரையுது. வரம்பைக் கொஞ்சம் நகர்த்தினா மெல்லிய எலும்பு காணாமப் போகும், இன்னும் கொஞ்சம் நகர்த்தினா இல்லாத எலும்பு முளைக்கும். அப்பா அம்மாவுக்குக் காட்ட அது நல்ல படம். திட்டம் போட ஸ்லைஸ்தான்.

முதல்ல தலையை நேராக்குங்க: கடிதளம் கிடைமட்டம், நடுக்கோடு செங்குத்து. அப்புறம் ஆக்ஸியல் (கிடைமட்ட) ஸ்லைஸை 22-ஓட ஈறுக்கழுத்துல இருந்து வேர்நுனி வரைக்கும் மெதுவா ஓட்டுங்க. 22 வேர் ஒரு வட்டமாத் தெரியும், 23-ஓட முடி (பல்லோட தலைப்பகுதி) பெரிய வெள்ளை வட்டமா உள்ளே வரும். எந்த உயரத்துல உள்ளே வருது, அண்ணப்பக்கம் வருதா, பின்பக்க ஓரமா வருதா, ரெண்டு வட்டத்துக்கும் நடுவுல கறுப்புக் கோடு எங்கே மறையுது, இது மூணையும் குறிங்க. அந்த உயரத்துல நிறுத்தி, அச்சுகளை 22-ஓட நீள அச்சுக்குச் சாய்ச்சுக்குங்க. சாய்க்காம நேர் சஜிட்டல்ல (முன்பின்னா வெட்டின தளம்) பார்த்தா வேர் பாதியில வெட்டுப்பட்டு "நுனி போயிடுச்சு"ன்னு தோணும். ஸ்லாப் (சேர்த்துக் காட்டுற ஸ்லைஸ் அடுக்கு) தடிமன் 0.5 மி.மீ.க்கு மேல வைக்காதீங்க, சின்ன அரிப்பு அதுல கரைஞ்சிடும்.

அரிப்பைத் தரம் பிரிக்க எளிய வழி, வெளி ஓரத்துல இருந்து கூழ் (உள்ளே நரம்பு ஓடுற பகுதி) வரைக்கும் உள்ள டென்டீன்ல பாதிக்குக் கீழே போயிருந்தா லேசு, பாதியைத் தாண்டி கூழ்ச்சுவர் உடையாம இருந்தா நடுத்தரம், கூழ் திறந்துட்டா கடுமை. கடுமையா இருந்தாலும் உடனே 22-ஐப் பிடுங்கச் சொல்லாதீங்க. கோரைப்பல் விலகினதும் அரிப்பு பெரும்பாலும் நின்னுடும், பல் வருஷக்கணக்கா நிலைச்சு நிக்கும்.

அடுத்து 23-ஓட சொந்த வேர். நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கா, சைனஸ் தளத்தோட எப்படி உரசுது, நுனி மூடியாச்சா. கொக்கி இருந்தா நேரா கீழே இழுக்கிறதுக்குப் பதிலா அந்த வளைவோட திசைக்கு இணங்க இழுத்தா வரும். முடியைச் சுத்தின ஃபாலிக்கிள் (பல் வளர்ற பை) 3 மி.மீ.க்கு மேல அகலமா இருந்தா நீர்க்கட்டியைச் சந்தேகிச்சு அறுவை சிகிச்சைக்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

எல்லாரும் இதுல கேக்கிற ஒரு கேள்விக்குப் பதில் வராது: பல் எலும்போட ஒட்டிப்போச்சா? பல் சுத்துச்சவ்வு இடைவெளியே 0.2 மி.மீ. வாக்குலதான். ஒரு வாக்ஸல்! கறுப்புக் கோடு தெரியலைன்னா ஒட்டிப்போச்சுன்னு அறிக்கை வந்தா நம்பாதீங்க. பல்லை இழுத்துப் பார்த்து மூணு மாசத்துல அசைவே இல்லாம, நங்கூரப் பற்கள் (இழுக்கப் பிடியா வெச்ச பற்கள்) மட்டும் உள்ளே அழுந்திக்கிட்டு வந்தா அப்போ ஒட்டிப்போச்சுன்னு சொல்லலாம். எலும்பு அடர்த்தியை எண்ணாச் சொல்ற அறிக்கையையும் ஒதுக்குங்க. சிபிசிடி சாம்பல் அளவு மருத்துவ சிடியோட ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் இல்ல, ஒரே மெஷின்ல ஃபீல்டு மாறினாலே அது மாறும்.

இழுக்கிற திசைக்கு வருவோம். ஸ்கேன் எடுத்ததோட முழுப் பயனும் இங்கதான் இருக்கு. அண்ணப்பக்கம், 22 வேர் மேல சாய்ஞ்சிருந்தா, அறுவையில ஈறைத் திறந்ததும் வெளி ஆர்ச்வயர்ல (பற்களைக் கோர்க்கிற கம்பி) சங்கிலியைக் கட்டுற வேலை வேண்டாம். முடி 22 வேரை உரசிக்கிட்டே குறுக்கா வரும், அரிப்பை நாமளே பெரிசாக்கினதா ஆகும். முதல்ல பின்பக்கமும் அண்ண நடுப்பக்கமும் சேர்ந்த திசையில, கொஞ்சம் கீழ் நோக்கி இழுத்து வேரை விட்டு விலக்குங்க. முழுசா விலகினப்புறம்தான் வெளிப்பக்கம். அதுக்கு முதல் கடைவாய்ப்பல் துணை டியூப்ல இருந்து 17×25 (ஆயிரத்தில் ஒரு இஞ்ச் கணக்கு) டிஎம்ஏ கம்பியில கேண்டிலீவர் (ஒரு முனை மட்டும் பிடிச்ச ஸ்பிரிங்), விசை சுமார் 60 கிராம், கேஜ் வெச்சு அளந்து. கடைவாய்ப்பல் எதிர்வினையா உள்ளே அழுந்தி முன்பக்கம் சாயும். 0.9 மி.மீ. ஸ்டீல் கம்பியில டிபிஏ (அண்ணத்துக்குக் குறுக்கே போற வளைவு) போட்டு ரெண்டு கடைவாய்ப்பல்லையும் பிணைச்சுடுங்க.

அது வரைக்கும் 22-ல பிராக்கெட்டே வேண்டாம். வெச்சாலும் கம்பியைக் கோர்க்காதீங்க. பிராக்கெட்ல உள்ள டிப் (சாய்வு அளவு) 22 வேரைப் பின்பக்கம் நகர்த்தும், வேர் நேரா 23 முடி மேல போய் மோதும். இடம் திறக்கிற அவசரத்துல நடக்கிற தப்பு இது.

கீழ் நெருக்கடிக்கும் சேர்த்து ஒரே ஸ்கேனா எடுக்கலாமான்னு யோசிச்சிருந்தீங்கன்னா, வேண்டாம். கீழ் முன்பற்களோட வெளி எலும்பு பல பேருக்கு 1 மி.மீ. கூட இல்ல. அரை மி.மீ.க்கும் மெல்லிய எலும்பு 0.3, 0.4 வாக்ஸல்ல படத்துல விழாது. "வேர் வெளியே தெரியுது"ன்னு அறிக்கை வரும், ஈறைத் திறந்து பார்த்தா எலும்பு இருக்கும். செஃப்ல சிம்ஃபிசிஸ் (கீழ்த்தாடை முன் எலும்பு) அகலத்தையும் பல் சாய்வையும் பார்த்தே அந்த 5 மி.மீ.யைத் தீர்மானிச்சிடலாம்.

செங்கோட்டை_டிஜிட்டல்லேப்

செட்டப் பத்தி மேடம் கேட்டதுக்கு மட்டும் சொல்றேன்.

சாதாரண அலைனர் (கழட்டி மாட்டுற தெளிவான உறை) செட்டப்ல ஈறுக்குள்ள தெரியுற வேர் எல்லாம் மென்பொருளே ஒட்டினது. முடியைப் பார்த்து நூலகத்துல இருந்து ஒரு சராசரி வேரைக் கீழே செருகும். அதை வெச்சு "வேர் இணையா வந்துடுச்சு"ன்னு ஒப்புதல் கொடுக்கிறது சும்மா அழகுக்கு. நிஜ வேர் வேணும்னா டைகாமும் வாய் ஸ்கேனும் சேரணும்.

சேர்க்கிறதுக்குன்னே எடுக்கிற ஸ்கேனா இருந்தா நாலு விஷயம். பிராக்கெட் ஒட்டுறதுக்கு முன்னாடி எடுக்கணும். உலோகத்தோட கோடு முடியைத் தின்னுடும், முடி இல்லைன்னா ஒட்ட வைக்கப் பிடி இல்ல. பற்கள் கடிச்ச நிலையில எடுத்தா மேல் கீழ் முடி ஒண்ணோட ஒண்ணு உருகிப் போன மாதிரி வரும். பின்பற்களுக்கு நடுவுல மரத்துல செஞ்ச நாக்கழுத்தி ஒண்ணை வெச்சுக் கடிக்கச் சொல்லுங்க, 2 மி.மீ. இடைவெளி கிடைச்சா போதும், மரம் படத்துல தொந்தரவு தராது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல பஞ்சுருளை வெச்சா ஈறு ஓரமும் பிரிஞ்சு தெரியும். வாய் ஸ்கேனையும் சிபிசிடியையும் ஒரே வாரத்துல எடுக்கணும். நடுவுல பால்பல் விழுந்திருந்தா, பல் நகர்ந்திருந்தா பொருந்தாது.

பிரிக்கிற வேலை: எனாமல் தானா வந்துடும். வேர்தான் பாடு. வேர் டென்டீனும் அதைச் சுத்தின கெட்டி எலும்பும் ஏறக்குறைய ஒரே சாம்பல். வரம்பு மட்டும் வெச்சுப் பிரிச்சா வேர் எலும்புக்குள்ள கசிஞ்சு கத்தரிக்காய் மாதிரி வீங்கும். வரம்பைக் கூட்டினா நுனி 2 மி.மீ. குட்டையாகும். நாங்க ஒவ்வொரு பல்லையும் அதோட அச்சுக்குச் சாய்ச்சு, நாலு ஸ்லைஸுக்கு ஒண்ணு கையால கோடு போட்டு, நடுவுல உள்ளதை மென்பொருளை நிரப்ப விடறோம். ஏஐ தானியங்கிப் பிரிப்பு இப்ப நல்லாவே வருது, ஆனா நுனி மூணுல ஒரு பங்கைக் கண்ணால பார்க்காம விடாதீங்க. சிக்கின பல், நுனி மூடாத பல், வளைஞ்ச வேர், மூணுலயும் அது தடுமாறும். சரிபார்க்க ஒரே வழி, ஸ்லைஸ்ல வேர் நீளத்தை அளந்து மாடல்ல உள்ள நீளத்தோட ஒப்பிடுறது.

ஒட்டுறது: ரெண்டு பக்க முதல் கடைவாய்ப்பல் முனை, ஒரு முன்பல் ஓரம், மூணு புள்ளி குறிச்சு கிட்டத்துல கொண்டு வந்து, அப்புறம் முடிப் பரப்பை மட்டும் தேர்ந்து பொருத்தணும். ஈறையோ உலோக நிரப்புதலையோ தேர்வுக்குள்ள விட்டா பொருத்தம் சாயும். வண்ண வரைபடத்துல வேறுபாடு 0.3 மி.மீ.க்குள்ள, அதுவும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் 0, மறு பக்கம் 0.6-ன்னா மொத்தமும் திரும்பியிருக்கு. முடியில அரை மி.மீ. திரும்பினா வேர்நுனியில அது இன்னும் பெரிசாகும்.

ஜேபிஜி அடுக்கை அனுப்பி "இதுல பண்ணிக் கொடுங்க"ன்னு கேக்கிற டாக்டர்களுக்கு: ஜேபிஜியில ஸ்லைஸ் இடைவெளி எவ்வளவுன்னு எழுதியிருக்காது. வரிசை தலைகீழா ஏறினா இடது வலதாகி கண்ணாடி பிம்பம் வரும், பார்த்தா தெரியவும் தெரியாது. 23-க்குப் பதிலா 13-க்கு கைடு போகும். அதனால வாங்கவே மாட்டோம்.

உங்க கேஸுக்கு செட்டப் இப்ப வேண்டாம்னுதான் என் கருத்து. 5×5 ஃபீல்டுல வலது பக்கக் கடைவாய்ப்பல்லே இருக்காது, ஆர்ச் முழுக்க ஒட்ட முடியாது. அதுக்காக 10×10 எடுக்கிறது நாஞ்சில் சார் சொன்ன கணக்கைக் கெடுக்கும். இடது பக்கம் மட்டும் 21-ல இருந்து 26 வரைக்கும் நாங்க பிரிச்சுத் தரோம், அதுல கேண்டிலீவர் போற பாதையை நீங்க அளந்துக்கலாம்.

இன்னொரு உபயோகமான தந்திரம். ஆரம்பத்துல ஒரு தடவை முடியும் வேரும் சேர்ந்த பல் மாடலைப் பண்ணி வெச்சுட்டா, நடுவுல வேர் எங்கே இருக்குன்னு பார்க்க மறு ஸ்கேன் வேண்டாம். புது வாய் ஸ்கேன் மட்டும் எடுத்து, பழைய மாடலோட முடியை அது மேல பொருத்தினா வேரும் கூடவே வந்து உட்காரும். கதிர்வீச்சே இல்ல. ஆனா வேர் அரிச்சுக் குட்டையாகியிருந்தா இது காட்டாது. அதுக்கு கம்பி போட்டு ஆறு மாசத்துல முன்பற்களுக்கு ஐஓபிஏ எடுக்கிற வழக்கத்தை விடக் கூடாது.

குழித்துறை_ஆர்த்தோ

எல்லாருக்கும் நன்றி. 5×5, 0.15-ல எடுத்து டைகாம் வந்தாச்சு. சொன்ன வரிசையிலேயே படிச்சேன். முனை அண்ணப்பக்கம், 22 வேரோட நடு உயரத்துல பின்-உள் ஓரத்தைத் தொடுது. கறுப்புக் கோடு 2 மி.மீ. நீளத்துக்கு இல்ல. அரிப்பு டென்டீன்ல பாதியை எட்டல. 23 வேர்நுனி சைனஸ் தளத்துக்கிட்ட பின்பக்கமா லேசா வளைஞ்சிருக்கு. ஃபாலிக்கிள் 2 மி.மீ.

ரெண்டு சந்தேகம். கேண்டிலீவருக்குப் பதிலா அண்ணத்துல மினி ஸ்க்ரூ வெச்சு இழுத்தா கடைவாய்ப்பல் தொந்தரவு போயிடுமா? அப்புறம் இந்தப் பிள்ளைக்கு நடுப்பற்கள் உள்பக்கமா மடிஞ்சு நிக்குது, அதுல டார்க் (வேரை உள்-வெளியாச் சாய்க்கிற திருகு விசை) கொடுக்கும்போது இந்த ஸ்கேன் உதவுமா?

கொழிஞ்சாம்பாறை_ஆர்த்தோ

ஸ்க்ரூ நல்லதுதான். 13 வயசுல அண்ண நடுத் தையல்ல வேண்டாம், அது இன்னும் இறுகியிருக்காது. நடுக்கோட்டுல இருந்து 3 முதல் 5 மி.மீ. பக்கவாட்டுல, மூணாவது ரூகாவுக்கு (அண்ணத்து முன்பக்க மடிப்பு) பின்னாடி. அங்கே எலும்பு எவ்வளவு தடிமன்னு இதே படத்துலயே அளங்க, இன்னொரு ஸ்கேன் தேவையில்ல. 23 முடி விலகி வரப்போற பாதையில ஸ்க்ரூ நிக்கக் கூடாது. அதைக் கவனிக்காம வெச்சுட்டு ஆறாவது மாசம் பல் வந்து ஸ்க்ரூல முட்டும்.

டார்க் கேள்வி நல்ல கேள்வி. கிளாஸ் 2 டிவிஷன் 2-ல (மேல் நடுப்பற்கள் உள்ளே மடிஞ்ச கடி வகை) நடுப்பல்லோட முடி அச்சும் வேர் அச்சும் ஒரே நேர்கோட்டுல இருக்காது. கழுத்துல ஒரு மடிப்பு இருக்கும், முடி உள்பக்கமா மடிஞ்சிருக்கும். அதுக்குத்தான் காலம் (collum, கழுத்து) கோணம்னு பேர். நம்ம எம்பிடி வகை பிராக்கெட்ல நடுப்பல்லுக்கு 17° டார்க் வெச்சது சராசரிப் பல்லை நினைச்சு. முடியை அந்த அளவுக்கு நிமிர்த்தினா, மடிப்பு உள்ள பல்லுல வேர் அண்ணப்பக்க கெட்டி எலும்புல போய் இடிக்கும். வேர் அரிப்புக்கு அதை விட நல்ல வழி கிடையாது.

21-ஐ அதோட நடுவுல சரியா வெட்டுற சஜிட்டல்ல வெச்சு, வெட்டு ஓரத்துல இருந்து எனாமல்-சிமென்டம் சந்திப்போட நடு வரைக்கும் ஒரு கோடு, அங்கிருந்து வேர்நுனி வரைக்கும் இன்னொண்ணு போடுங்க. இடைக் கோணம் சில பாகையா இருந்தா கவலையில்ல. பத்து, பன்னிரண்டுன்னு வந்தா பக்கத்துலயே வேர்நுனியில இருந்து அண்ணப்பக்க கெட்டி எலும்பு வரைக்கும் எத்தனை மி.மீ. இருக்குன்னு அளந்து, அதுக்குத் தகுந்தாப்ல டார்க்கைக் குறைங்க. 0.022 இஞ்ச் ஸ்லாட்டுல 19×25 ஸ்டீல் போட்டாலே சுமார் 10° விளையாட்டு (தளர்வு) இருக்கு, அதனால எழுதின டார்க் முழுசாப் பல்லுக்குப் போறதில்ல. அது இந்தப் பிள்ளைக்கு நல்லதுக்குத்தான். 21×25 கம்பி போட்டு நிரப்பிடாதீங்க.

நாஞ்சில்_ரேடியாலஜி

ஒரு சின்னத் திருத்தம். கறுப்புக் கோடு 2 மி.மீ. இல்லைன்னு எழுதினீங்க. "தொடுகை"ன்னு குறிங்க, "அரிப்பு"ன்னு அந்த நீளத்தைக் குறிக்காதீங்க. 0.15 வாக்ஸல்லயும் ரெண்டு கெட்டியான பரப்பு அரை மி.மீ.க்குள்ள நெருங்கினா நடுவுல உள்ள கோடு கரைஞ்சு போகும். வேரோட வெளி ஓரம் பள்ளமாக் குழிஞ்சிருக்கிற ஸ்லைஸ் எத்தனைன்னு எண்ணி, அதை 0.15-ஆல பெருக்கினாதான் அரிப்போட நீளம். அந்த எண்ணையும் இன்னைக்குத் தேதியையும் கேஸ் பேப்பர்ல எழுதி வையுங்க. 23 விலகினப்புறம் ஐஓபிஏ எடுக்கிறப்போ அரிப்பு நின்னுச்சா, கூடிச்சான்னு ஒப்பிட அது வேணும்.